பதினான்கு கதிர்கள்: எங்கள் மூத்த புல்லாய்வாளர் அம்மையாருக்குப் பணிநிறைவு நாளில் வாசித்தளித்த மடல்

புல்லையும் பொருட்படுத்திய பெருந்தகையீர்! பூதக்கண்ணாடி வழியே பூமியைப் படித்த புலமைச் செல்வியீர்! முழங்காலில் மண்ணும், முழங்கையில் முட்கீறலும், முகத்தில் முறுவலுமாக முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் முன்னால் நடந்த மூத்த புல்லாய்வாளர் அம்மையீர்!

காலையில் காற்று எழுமுன் களத்துக்குச் செல்வதும், மாலையில் மஞ்சள் வெயில் மங்கிய பின்னும் மடிந்த இலையொன்றை விரித்துப் பார்த்திருப்பதும் தங்கள் வழக்கம். ஓடும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்வது தங்கள் உரிமை. அவ்வாறு நிறுத்தும்போதெல்லாம் முன்னிருக்கையில் முட்டிக்கொள்வது எங்கள் தலையெழுத்து! இன்று பணிநிறைவு பெறும் தங்களுக்கு, இந்த மேய்ச்சல் நில ஆய்வு நிலையத்தின் பன்னிருவரும் நெஞ்சு நிறைந்த வணக்கத்தோடு இம்மடலைப் படைக்கிறோம்.

இதே போக்கில் நான்கு பக்கம் எழுத எங்கள் தட்டச்சருக்கு ஆசை. எழுதியும் விட்டார். கருணைக் கடலே என்றும், கடமைக் கனலே என்றும், கலங்காத கலங்கரை விளக்கே என்றும் வரிவரியாக அடுக்கியிருந்தார். வாசித்துப் பார்த்த எங்களுக்குத் தங்கள் நினைவு வந்தது. எட்டாண்டுகளுக்கு முன் ஒரு கள அறிக்கையில் அழகிய பசும்புல் பரந்து கிடந்தது என்று எழுதிய அலுவலரைத் தாங்கள் கூப்பிட்டு, "அழகுன்னா எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேட்டது எங்கள் காதுகளில் இன்னும் ஒலிக்கிறது. கருணைக் கடலுக்கு ஆழம் எவ்வளவு என்று இந்த மேடையிலேயே கேட்டுவிடுவீர்கள். ஆகவே அந்த நான்கு பக்கங்களையும் மடித்து வைத்துவிட்டு, அளந்து சொல்லக்கூடியவற்றை மட்டும் சொல்லத் துணிந்தோம்.

புல் என்றால் பச்சை, பச்சை என்றால் மாட்டுத் தீனி என்ற அளவில் வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டச் சொன்னீர்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் அது கோரை, புல்லே அல்ல என்றீர்கள். இலையைத் தண்டிலிருந்து மெல்லப் பிரித்து, இரண்டும் சேருமிடத்தில் ஒளிந்திருக்கும் மெல்லிய சவ்வைக் காட்டி, இதற்கு நாக்கு என்று பெயர், பூக்காத புல்லுக்கு இதுதான் அடையாளம் என்றீர்கள். இலை விளிம்பில் நுனியிலிருந்து அடிவரை விரலை ஓட்டச் சொன்னீர்கள். அறுபட்டவர்கள் அந்தப் புல்லை ஆயுளுக்கும் மறக்கவில்லை. புளியாரையின் மூன்று இதய வடிவ இலைகளும், அம்மான் பச்சரிசியைக் கிள்ளினால் கசியும் பாலும், வெட்டுக்காயப் பூண்டின் நெட்டைக் காம்பும் எங்களுக்கு உறவினர் முகங்களாயின. பெயரைக் கேட்டு அவசரப்பட்டவர்களிடமெல்லாம் தாங்கள் சொன்னது ஒன்றே: "முதல்ல பாருங்க, அப்புறம் தொடுங்க, அப்புறம் மோந்து பாருங்க. பேரு எங்கயும் ஓடிப் போயிடாது."

தங்கள் பெருமைகளைத் தாங்களே அறிவீர்கள். அறிந்ததையே திருப்பிச் சொல்ல ஒரு மடல் எதற்கு? அதனால், கடந்த ஒரு மாதத்தில் இந்த நிலையத்தில் நடந்தவற்றில் தாங்கள் அறியாத பாதியை இங்கே சொல்லப்போகிறோம். அது எங்கள் ஓட்டுநரைப் பற்றியது. அவர் சொல்லச் சொல்லித்தான் சொல்கிறோம். வாசிக்க மட்டும் முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இதோ, கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்திருக்கிறார்.

ஓட்டுநர் இந்த நிலையத்துக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள். வந்த புதிதில் அவருக்குப் புல் என்றாலே எரிச்சல். காரணம் தாங்கள்தான். ஒவ்வொரு மாலையும் வண்டியைக் கழுவும்போது, கால்மிதியில் தாங்கள் இறக்கிவிட்டுப் போன விதைகளும் முட்களும் கதிர்களும் ஒரு முறம் தேறும். ஊசிப்புல் கால்மிதியில் குத்தி நிற்கும். ஒட்டுப்புல் இருக்கையைக் கவ்விக்கொள்ளும். நெருஞ்சி அவர் உள்ளங்காலைத் தேடி வரும். திட்டிக்கொண்டே பொறுக்குவார். பொறுக்கிப் பொறுக்கி, இந்த விதை வந்தால் இன்று ஏரிக்கரைக்குப் போனோம், இந்த முள் வந்தால் கல்லாங்குத்துக்குப் போனோம் என்று கண்டுகொள்ளத் தொடங்கினார். பிறகு தாங்கள் களத்தில் இருக்கும் நேரத்தில் தூங்குவதை விட்டுவிட்டு, வண்டியைச் சுற்றிலும் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். எவரும் அவருக்கு வகுப்பெடுக்கவில்லை. பத்தாண்டு கழித்து, எங்கள் அலுவலர் ஒருவர் பெயர் தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்த ஒரு புல்லை, வண்டி ஜன்னல் வழியாகவே பார்த்துப் பெயர் சொன்னார். அலுவலருக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

நீர்த்தொட்டிக்குப் பின்னாலிருக்கும் ஒன்பது ஏக்கர் புல்வெளியை அறியாதார் இங்கில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், மழை பொய்த்த ஒரு பருவத்தில், அங்கே காய்ந்து நின்ற ஒரு புல்லைத் தாங்கள் கண்டெடுத்தீர்கள். காம்பின் உச்சியில் ஒரே ஒரு கதிர். இலைகளையும் நாக்கையும் லென்ஸில் பார்த்து, அரிதினும் அரிதான ஒற்றைக்கதிர்ப்புல் என்று முடிவு செய்து, உலர்த்தித் தாளில் ஒட்டிப் பெயரெழுதி வைத்தீர்கள். அந்த இடத்தைச் சுற்றி நான்கு வெள்ளைக் கற்கள் நடப்பட்டன. அந்தப் புல்லின் பெயரால்தான் ஒன்பது ஏக்கரும் லாரி நிறுத்துமிடமாகாமல் தப்பின. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, புல் அங்கே இருக்கிறது என்று நிலையம் அறிக்கை அனுப்பும். மேலிடம் புல்வெளியை விட்டுவைக்கும். களைகள் விதை விடாதிருக்க, பூக்குமுன்பே புல்லை வெட்டிவிட வேண்டும் என்று விதி எழுதியதும் தாங்களே. அதனால் அந்தக் கற்களுக்குள் இருந்த புல் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தரையோடு படர்ந்து கிடந்ததே தவிர, நிமிர்ந்து கதிர் விட்டதில்லை. இந்த முறை அறிக்கை எழுதும் பொறுப்பும் தங்களுடையது. அதுதான் தாங்கள் கையொப்பமிட வேண்டிய கடைசித் தாள்.

இந்த ஆண்டு புல்வெட்டும் இயந்திரம் மக்கர் செய்தது. பழுது பார்ப்பவரை அழைத்துக்கொண்டு ஓட்டுநர் புல்வெளிக்குப் போனார். இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்தவர் உள்ளே தலையைவிட்டுக்கொள்ள, நம்மவர் கற்களை நோக்கி நடந்தார். கற்களுக்குள் கதிர் தெரிந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக யாரும் பூத்துப் பார்க்காத புல்லை முதலில் பார்க்கப்போவது தாம்தான் என்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும், ஓய்வு பெறும் மாதத்தில் இதைவிட வேறென்ன பரிசு வேண்டும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டே குனிந்தார்.

ஒவ்வொரு காம்பின் உச்சியிலும் கதிர் நான்காகப் பிரிந்திருந்தது, நான்கு விரல்களை விரித்து வைத்தாற்போல். ஒவ்வொரு விரலின் நுனியிலும் விதையில்லாத சின்ன ஊசி.

அவர் நம்பவில்லை. பக்கத்துச் செடி ஏதோ உள்ளே புகுந்திருக்கும் என்று, மண்டியிட்டு, தரையோடு ஓடிய தண்டைக் கணுக்கணுவாகத் தொடர்ந்து போனார். எல்லாம் கற்களுக்குள்ளேயே வேர்விட்டிருந்தன. இன்னொன்றைத் தொடர்ந்தார். அதுவும் அப்படியே. மத்தங்காய்ப்புல்! பேருந்து நிலையச் சுவரோரம் முளைப்பது, குப்பைமேட்டில் முளைப்பது, அவர் வீட்டுத் துணி துவைக்கும் கல்லடியில் முளைப்பது.

நிலையத்துக்குத் திரும்பியதும், உலர்செடி அலமாரியின் சாவியை வைத்திருக்கும் தட்டச்சரிடம் போய் நின்றார்.

"அம்மாவோட அந்தப் பழைய தாளைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

"எதுக்குண்ணே?"

"சும்மாதான். ஒரு தடவ பாக்கணும்."

தாளில் அந்தப் பழைய புல் ஒட்டப்பட்டிருந்தது. உச்சியில் ஒற்றைக் கதிர். அதற்குச் சற்றுக் கீழே, காம்பு அசையாதிருக்க ஒட்டிய பசைத்தாள் துண்டு. அந்தத் துண்டைப் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். துண்டின் விளிம்பில் இரண்டு சின்ன முனைகள் துருத்திக்கொண்டிருந்தன. ஆடு கடித்ததோ, காலில் மிதிபட்டதோ, மற்ற விரல்கள் முறிந்து விழுந்த பிறகுதான் அந்தப் புல் தங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. முறிந்த இடத்தின் மேலேயே பசைத்தாளும் விழுந்துவிட்டது. அவர் தாளை மூடிக் கொடுத்துவிட்டு, நன்றி கூடச் சொல்லாமல் வெளியே போனார். அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று தட்டச்சர் எங்களிடம் கேட்டார்.

அதன்பின் பதினொரு நாட்கள். அந்தப் பதினொரு நாட்களில் எங்கள் ஓட்டுநர் மூன்று முறை வழி தவறினார். பத்தொன்பது ஆண்டுகளாகப் பின்னோக்கி எடுத்த வாசலிலேயே தூணில் இடித்தார். உடம்பு சரியில்லையா என்று தாங்கள் கேட்டீர்கள். "தூக்கம் சரியில்லம்மா," என்றார். அதில் பொய்யில்லை. சொன்னால், முப்பத்திரண்டு ஆண்டு உழைப்பின் முடிவில், மாலையும் கையுமாக எல்லோரும் நிற்கும் நேரத்தில், தங்கள் பெயருக்கு ஒரு கறுப்புப் புள்ளி. கூடவே ஒன்பது ஏக்கரும் போகும். சொல்லாவிட்டால், இல்லாத புல்லை இருக்கிறது என்று தாங்கள் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுப் போவீர்கள். இரண்டில் எது தங்களுக்குச் செய்யும் நன்மை என்று அவருக்கு விளங்கவில்லை.

ஒன்பதாம் நாள் இயந்திரம் சரியாயிற்று. "நாளைக்கு வெட்டிடலாமாண்ணே?" என்று இயக்குபவர் கேட்டார். வெட்டு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் தரைமட்டமாகியிருக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திராது. அந்த ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. "ரெண்டு நாள் போகட்டும்," என்றார். ஆனால் பத்தாம் நாள், வருகிற வியாழக்கிழமை புல்வெளிக்குப் போய்க் கற்களுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கையொப்பமிடுவேன் என்று தாங்கள் சொன்னதும், அவருக்கு அதற்குமேல் ஒத்திப்போட வழியில்லை.

இனி வருவதுதான் தாங்கள் அறியாதது, அம்மையீர்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடிந்ததும் ஓட்டுநர் தம் சைக்கிளில் தனியாகப் புல்வெளிக்குப் போனார். கற்களுக்குள் குந்தி உட்கார்ந்து, கதிர்களை ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளினார். பதினான்கு. கிள்ளியதைக் கீழே போட்டால் யாராவது பார்ப்பார்கள் என்று சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். எழும்போது கவனித்தார்: இலைகளுக்கிடையே இன்னும் ஏழெட்டு இளங்கதிர்கள் தலைநீட்டிக்கொண்டிருந்தன. வியாழக்கிழமைக்குள் அவையும் விரல் விரித்துவிடும். நாளைக்கும் வர வேண்டும், மறுநாளும் வர வேண்டும். வெட்கமும் களைப்புமாக வீடு திரும்பினார்.

அவர் மனைவி தையல்காரர். கறாரான கை, அதைவிடக் கறாரான வாய். துவைக்கப் போட்ட சட்டையை உதறியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க இது? வண்டியக் கூட்டினது போதாதுன்னு இப்ப புல்லச் சட்டைப்பையில கொண்டாறீங்களா?"

அவர் திண்ணையில் போய் உட்கார, மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தார். கணவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"இத்தன நாளா இதத்தான் உள்ளுக்குள்ளயே வச்சிக்கிட்டுச் சாப்பாட்டுல கோலம் போட்டுட்டு இருந்தீங்களா?"

"அவங்கள எப்படிடி நான் தலகுனிய வைப்பேன்?"

"நான் ஒரு ரவிக்கைய தப்பா வெட்டிட்டேன்னு வைங்க. தெரிஞ்சும் சொல்லாம, என்னை அதோடயே நாலு பேரு முன்னாடி அனுப்பறவங்க எனக்கு வேண்டியவங்களா? ஓரமாக் கூப்பிட்டு, இங்க பிரிஞ்சிருக்கு பாருன்னு சொல்றவங்க வேண்டியவங்களா? எழுந்திருங்க. வேற சட்ட போடுங்க. இத ஒரு பேப்பர்ல மடிச்சுத் தரேன்."

இப்படித்தான், அன்று காலை பத்தேகாலுக்கு, மடித்த செய்தித்தாள் ஒன்று தங்கள் மேசைக்கு வந்தது. இதற்கு மேல் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் அன்று அந்த அறையிலிருந்த எங்கள் கண்களுக்குத் தெரிந்ததைச் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. தாளை விரித்தீர்கள். கதிர் ஒன்றை எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தீர்கள். நான்கு நிமிடம் தலை நிமிரவில்லை. தட்டச்சர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"மத்தங்காய்ப்புல்," என்றீர்கள். "எங்க எடுத்தது?"

"கல்லுக்குள்ளம்மா."

அலமாரியிலிருந்து பழைய தாள் வந்தது. தூரிகையைத் தண்ணீரில் நனைத்து, பசைத்தாள் துண்டை ஊறவைத்து, மெதுவாகத் தூக்கினீர்கள். முறிந்த தடங்கள் மூன்று. "அன்னிக்கே இத நனைச்சுப் பாத்திருக்கணும். பூக்க விடாம வெட்டச் சொன்னதும் நானே," என்று சொல்லிச் சிரித்தீர்கள். சிரிக்கும்போதே தங்கள் கண்கள் கலங்கின. எங்களுக்கு அழுகை வந்துவிட்டது. தாங்களோ அடுத்த நிமிடம் பேனாவைத் திறந்துவிட்டீர்கள்.

உலர்செடித் தாளில் தவறான பெயரைக் கிழிப்பதில்லை, அடிப்பதில்லை. சரியான பெயரை ஒரு சீட்டில் எழுதி, பழையதற்குக் கீழே ஒட்டுவதுதான் முறை. தங்கள் சொந்தத் தவறின் கீழே தாங்களே சீட்டெழுதினீர்கள். மத்தங்காய்ப்புல் என்று எழுதி, கதிர்களைச் சேகரித்தவர் என்ற இடத்தில் ஓட்டுநரின் பெயரை எழுதினீர்கள்.

"என் பேரு வேணாம்மா," என்றார் அவர், பதறிப்போய்.

"சேகரிச்சவங்க பேரு போடறதுதான் விதி. பூத்த நேரமாப் பாத்து எடுத்துட்டு வந்திருக்கீங்க," என்றீர்கள்.

அந்தப் பாராட்டு அவரைச் சுட்டது. மறைக்கக் கிள்ளியதைச் சேகரித்தது என்று தங்கள் கையால் எழுதிவிட்டீர்களே என்று அன்றிலிருந்து அவருக்கு நிம்மதியில்லை. வாய் திறந்து சொல்ல மூன்று முறை தங்கள் அறை வரை வந்து, மூன்று முறையும் வண்டிக்கு எண்ணெய் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார். எண்ணெய்த் தொட்டி நிரம்பி வழிந்ததுதான் மிச்சம்.

அறிக்கை விஷயத்தில் நிலையத் தலைவர் தங்களிடம் மன்றாடியதையும் இங்கே பதிவு செய்கிறோம். அவர் அனுமதி தந்திருக்கிறார், சற்றே முகஞ்சுளித்துத்தான். "மேடம், இத எழுதினா அடுத்த மாசமே லாரி வந்து நிக்கும்," என்றார். "இல்லாத புல்ல இருக்குன்னு எழுதவா? அதுக்கு நான் எதுக்கு, ரப்பர் ஸ்டாம்ப் போதுமே," என்றீர்கள். ஒற்றைக்கதிர்ப்புல் அங்கே இல்லை, எப்போதும் இருந்ததில்லை, தவறு என்னுடையது என்று மூன்று வரியில் எழுதிக் கையொப்பமிட்டீர்கள். பிறகு, "அரிய புல்லு இல்ல. சரி. என்னதான் இருக்குன்னு யாராவது இதுவரைக்கும் முழுசா எண்ணியிருக்கோமா?" என்று கேட்டீர்கள். யாரும் எண்ணியதில்லை.

இரண்டு நாட்கள் நிலையத்தைப் பூட்டிவிட்டு எல்லோரும் புல்வெளியில் இறங்கினோம். பத்து மீட்டருக்கு ஒரு கயிறு கட்டி, கட்டத்துக்கு ஒருவராக மண்டியிட்டோம். கணக்கர் தண்டை உருட்டிப் பார்த்து மூவகைக் கோரைகளைப் பிரித்தார். காவலாளி புளியாரையை மென்று பார்த்து உறுதி செய்தார். பிறகு நிறுத்தாமல் மென்றுகொண்டேயிருந்தார். தட்டச்சர் இலை விளிம்பில் விரலை அறுத்துக்கொண்டு, பெயரை மிகச் சரியாகச் சொன்னார். நிலையத் தலைவர் தொட்டாற்சுருங்கியை எட்டு இடங்களில் அடையாளம் கண்டார், வேறெதையும் காணவில்லை. அறுகு, ஊசிப்புல், கொழுக்கட்டைப்புல், தும்பை, கீழாநெல்லி, வெட்டுக்காயப் பூண்டு என்று பட்டியல் நீண்டது. இரண்டாம் நாள் மாலையில் ஓட்டுநர் கடைசியாக ஒன்றைக் காட்டி, இது இன்னும் பட்டியலில் இல்லை என்றபோது எண்ணிக்கை ஐம்பத்தெட்டு. ஒன்றுகூட அரியதல்ல. ஐம்பத்தெட்டும் சாதாரணம். தாங்கள் அந்தப் பட்டியலை அறிக்கையோடு இணைத்தீர்கள்.

அம்மையீர்! மேலிடத்தின் பதில் முந்தாநாளே வந்துவிட்டது. இந்த மேடையில் சொல்வதற்காக நிலையத் தலைவர் அதைத் தம் இழுப்பறையில் பூட்டி வைத்துக்கொண்டார். இரண்டு நாளாகத் தங்கள் முகத்தைப் பார்க்கவே அவர் பயந்துகொண்டிருந்தது அதனால்தான். ஒரே இடத்தில் ஐம்பத்தெட்டு வகைப் புல்பூண்டுகள் சேர்ந்து வாழும் நிலத்தை அடுத்த ஐந்தாண்டுகளுக்கு அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். லாரிகளுக்கு எதிர்ப்புறத்துக் கல்லாங்குத்தே போதுமாம். ஒரே ஒரு நிபந்தனை: பருவத்துக்கு ஒருமுறை, புல்லைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்த ஒருவர் ஒன்பது ஏக்கரும் நடந்து, பட்டியலைச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும்.

நிலையத் தலைவர் அதற்கு எங்கள் ஓட்டுநரை நியமித்தார். எங்களில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. மறுத்தவர் ஓட்டுநர்தான். "கிள்ளி மறைச்சவன் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? முதல்ல அம்மாகிட்ட உள்ளதச் சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. கேட்டுட்டு அவங்க சரின்னா செய்யறேன், வேணாம்னா வண்டியே ஓட்டிட்டுப் போறேன்," என்றார். சொல்லிவிட்டோம்.

முழங்கால் வலி தங்களை விட்டு முழுதும் நீங்குக! லென்ஸ் இல்லாமலே நெடுங்காலம் நாக்குப் பார்க்கும் கூர்மையோடு தங்கள் கண்கள் விளங்குக! மழை தவறாது பெய்து, தாங்கள் காலாற நடக்கும் வழியெல்லாம் பெயர் தெரியாத புல் ஒன்றாவது முளைத்திருந்து, தங்களை நாள்தோறும் குனிய வைக்குமாக! குனிந்த முதுகு வலியின்றி நிமிர்ந்து, நூறாண்டு நலமோடும் நகைப்போடும் தாங்கள் வாழ்வீர்களாக!

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்,
மேய்ச்சல் நில ஆய்வு நிலையத்தார் பதினொருவர்.

(பன்னிரண்டாம் கையொப்பத்துக்கான இடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. தங்கள் வாயால் ஒரு சொல் கேட்காமல் போட மாட்டேன் என்கிறார் ஓட்டுநர்.)

*

மடலின் அடியில், விழா முடியுமுன் அம்மையார் தம் பேனாவால் எழுதியது:

இரண்டு திருத்தங்கள். ஒன்று: கோரைகளைச் சரியாகப் பிரித்தவர் கணக்கர் அல்லர், காவலாளி. கணக்கர் பிரித்த மூன்றில் இரண்டு ஒன்றேதான்.

இரண்டு: நான் அறியாத பாதி என்று எழுதியிருக்கிறீர்கள். சேகரிக்கிறவர் புல்லை வேரோடு எடுப்பார். என் மேசைக்கு வந்த பதினான்கிலும் காம்பில் நகம் பட்டிருந்தது, எல்லாம் ஒரே மடிப்பில் கசங்கியிருந்தன. கல்லுக்குள்ளிருந்து வந்தவை என்று அவர் சொன்னதுமே, எதற்காகக் கிள்ளப்பட்டவை என்பதும் விளங்கிவிட்டது. ஆனால் அந்த நகக்குறிகளைப் பார்க்க ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. மீதி மூன்று நிமிடமும் லென்ஸில் முகத்தை வைத்துக்கொண்டு, இந்த மனிதர் எத்தனை நாளாகத் தூங்கவில்லையோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிள்ளியவரே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அதனால்தான் சேகரித்தவர் என்று எழுதினேன். இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அப்படியேதான் எழுதுவேன்.

டிரைவர், முன்னால் வந்து கையெழுத்துப் போடுங்கள்.